பிரேக் போட்டால் வேகம் கூடும் இடம்

1965 ஜூன் 3. அமெரிக்காவின் ஜெமினி 4 விண்கலம் சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதை ஓட்டிய ஜேம்ஸ் மெக்டிவிட்டுக்கு ஒரு வேலை காத்திருந்தது. கலத்தை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுக் கழன்றுகொண்ட ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பக்கத்திலேயே மிதந்துகொண்டிருந்தது. அதன் அருகே போக வேண்டும், அவ்வளவுதான். மெக்டிவிட் கொரியப் போரில் போர் விமானம் ஓட்டியவர். கலத்தின் மூக்கை ராக்கெட்டை நோக்கித் திருப்பி, உந்துபொறியை இயக்கினார். ராக்கெட் விலகிப் போனது. மறுபடி இயக்கினார். இன்னும் விலகியது. எரிபொருள் ஏறக்குறைய பாதி காலியானபோது முயற்சியைக் கைவிட்டார்கள்.

சாலையில் முன்னால் போகும் பஸ்ஸைப் பிடிக்க ஆக்சிலேட்டரைத் திருகுவோம். சுற்றுப்பாதையில் அதையே செய்தால் வண்டி மேலே ஏறிவிடும். மேலே வட்டம் பெரியது, ஓடும் வேகமும் குறைவு. முன்னால் போகிறவன் போய்க்கொண்டே இருப்பான். அவனைப் பிடிக்க முதலில் பிரேக் போட்டுக் கீழே இறங்க வேண்டும். கீழே வட்டம் சிறியது, வேகமும் அதிகம். அங்கே ஓடி முந்திவிட்டு, அப்புறம் மேலே ஏறிக்கொள்ளலாம். அதே ஆண்டு டிசம்பரில் ஜெமினி 6 இந்தக் கணக்குப்படி நகர்ந்து, ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரம் வரை போய் நின்றது. 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இரண்டும் ஒன்றோடொன்று இணைந்ததற்குப் பின்னாலும் இருந்தது இதே கணக்குதான்.

விண்வெளி நிலையம் இருக்கும் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் வேகம் நொடிக்கு 7.67 கிலோமீட்டர். 200 கிலோமீட்டருக்கு இறங்கினால் 7.78. ஒரு சுற்றுக்கான நேரமும் 92 நிமிடத்துக்குச் சற்று மேலிருந்து 88 நிமிடத்துக்குச் சற்று மேல் என்று சுருங்கும்.

சரி, பிரேக்கை மனிதன் போடாமல் காற்று போட்டால்?

விண்வெளி என்றால் வெற்றிடம் என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் விண்வெளி நிலையம் காற்றுக்குள்தான் ஓடுகிறது. தரைமட்டத்தில் ஒரு கன கிலோமீட்டர் காற்றின் நிறை சுமார் 12 லட்சம் டன். 400 கிலோமீட்டர் உயரத்தில் அதே கன கிலோமீட்டருக்குள் இருப்பது சில கிராம். ஒரு சிட்டிகை உப்பை ஓர் ஊர் முழுக்கத் தூவிய மாதிரி. அந்தச் சில கிராமுக்குள் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் புகுந்து போகும்போது அதுவும் கொஞ்சம் தடுக்கத்தான் செய்கிறது. எவ்வளவு? உள்ளங்கையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தால் அது எவ்வளவு அழுத்துமோ, ஏறக்குறைய அவ்வளவு. 400 டன்னுக்கு மேல் நிறையுள்ள நிலையத்தை இந்த எலுமிச்சம்பழ விசை மாதத்துக்குச் சுமார் 2 கிலோமீட்டர் கீழே இறக்கிவிடுகிறது. அதனால்தான் அவ்வப்போது ராக்கெட்டைக் கொளுத்தி நிலையத்தை மேலே தள்ளிவிடுகிறார்கள்.

இங்கேதான் குழப்பம். காற்று தடுக்கிறது. ஆனால் கீழே இறங்கியதும் நிலையம் முன்பைவிட வேகமாக ஓடுகிறது. தடுத்தால் வேகம் கூடுமா?

அறிவியல் மையங்களில் பெரிய புனல் ஒன்று வைத்திருப்பார்கள். விளிம்பில் ஒரு ரூபாய் நாணயத்தை உருட்டிவிட்டால் முதலில் சோம்பலாகச் சுற்றும். உராய்வு அதை விடாமல் தின்றுகொண்டிருக்கும். ஆனாலும் உள்ளே இறங்க இறங்கச் சுற்று வேகமாகி, ஓட்டையை நெருங்கும்போது 'கிர்ர்ர்' என்று சத்தம் போட்டுக்கொண்டு பறக்கும். நாணயத்தை உராய்வு வேகப்படுத்தவில்லை. இறக்கம்தான் வேகப்படுத்தியது. உராய்வு செய்ததெல்லாம் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தில் தள்ளிவிட்டதுதான்.

செயற்கைக்கோளுக்கும் அப்படித்தான். அதன் பாதை கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீழ்நோக்கிச் சாய்கிறது. சாய்ந்த பாதையில் ஈர்ப்பு விசையின் ஒரு பங்கு முன்னோக்கி இழுக்கிறது. கணக்குப் போட்டால் அந்தப் பங்கு காற்றுத் தடையைப் போல சரியாக இரண்டு மடங்கு வருகிறது. ஒரு பங்கு தடைக்கு ஈடாகப் போக, ஒரு பங்கு மிச்சம். ஆகவே காற்று எவ்வளவு விசையோடு பின்னால் இழுக்கிறதோ, அதே விசையோடு யாரோ முன்னால் தள்ளுவது போல செயற்கைக்கோள் வேகமெடுக்கும். எனக்கு இயற்பியலில் மிகவும் பிடித்த குறும்புகளில் இது ஒன்று. ஆற்றலைப் பணமாக நினைத்தால், உயரத்தில் சேர்த்து வைத்த நூறு ரூபாயை இழக்கும்போது ஐம்பது ரூபாய் வேகமாகக் கைக்கு வருகிறது. மீதி ஐம்பது வெப்பமாகப் போகிறது. மொத்தத்தில் நஷ்டம்தான், ஆனால் பார்ப்பவருக்கு வண்டி செழிப்பாக ஓடுகிற மாதிரி தெரியும்.

முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1957 அக்டோபரில் மேலே போன நாளிலிருந்தே இதைக் கண்டார்கள். முதலில் 96 நிமிடத்துக்கு ஒரு சுற்று. பிறகு நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு குறைகிறது என்று அளந்தே, யாரும் போய்ப் பார்க்காத உயரத்துக் காற்று எவ்வளவு அடர்த்தி என்று கணக்கிட்டார்கள். மூன்று மாதத்தில், 1958 ஜனவரி 4-இல், ஸ்புட்னிக் எரிந்துபோனது.

அந்தக் காற்றின் குணமே வேறு. நம் காற்றில் ஒரு மூலக்கூறு இன்னொன்றை இடிக்காமல் மயிரிழை தூரம்கூடப் போக முடியாது. அங்கே பல கிலோமீட்டர் போகும். அதனால் காற்று ஆறு போல வளைந்து ஓடாது. தனித்தனிக் குண்டுகளாக வந்து மோதும். கார், விமானத்துக்குச் செய்வது போல வழவழப்பாக வளைத்துச் செதுக்கினால் இங்கே பெரிய பலன் இல்லை. எதிரே காட்டும் பரப்பைக் குறைப்பதுதான் முக்கியமான வழி. ஐரோப்பாவின் கோசே செயற்கைக்கோள் அப்படித்தான் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமாக, ஒல்லியாக, அம்பு மாதிரி இருந்தது. 2009-இல் ஏவப்பட்டு, சுமார் 255 கிலோமீட்டர் உயரத்தில், காற்று இழுக்கும் அளவுக்கு அயனிப் பொறியால் முன்னே தள்ளிக்கொண்டே பூமியின் ஈர்ப்பை அளந்தது. 2013 அக்டோபரில் அந்தப் பொறிக்கு எரிபொருள் மாதிரி இருந்த செனான் வாயு தீர்ந்தது. நவம்பர் 11-இல் விழுந்துவிட்டது.

இதற்கெல்லாம் மேல் சூரியன் வேறு. அதன் சீற்றம் கூடினால் மேல்வளிமண்டலம் சூடாகி, அடுப்பில் பால் பொங்குவது போல எழும்பும். கீழே இருந்த காற்று செயற்கைக்கோளின் பாதைக்கே வந்துவிடும். 2022 பிப்ரவரி 3-இல் ஏவிய 49 ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்களை முதலில் 210 கிலோமீட்டர் உயரத்தில் விட்டிருந்தார்கள். மறுநாளே புவிகாந்தப் புயல், அதாவது சூரியச் சீற்றம் பூமியின் காந்தப்புலத்தை உலுக்கும் நிகழ்வு. முந்தைய ஏவுதல்களில் இருந்ததைவிடத் தடை ஐம்பது சதவீதம் வரை ஏறியது. காகிதத்தைப் பக்கவாட்டில் பிடித்த மாதிரி கோள்களைத் திருப்பிப் பார்த்தார்கள். ஏறக்குறைய நாற்பது கோள்கள் தப்பவில்லை.

அமெரிக்காவின் விண்வெளி நிலையமான ஸ்கைலாபையும் இறக்கியது இதே பொங்கல்தான். 1974-இல் கடைசி வீரர்கள் கிளம்பிய பிறகு, ஸ்பேஸ் ஷட்டில் வந்து தூக்கிவிடும் என்று நம்பி விட்டுவைத்திருந்தார்கள். சூரியன் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாக இருந்தது. ஷட்டிலோ 1981 வரை பறக்கவில்லை. அதற்குள், 1979 ஜூலையில், நம் ஊர்ப்பக்கமெல்லாம் தலையில் விழுந்துவிடுமோ என்று ஒரே பேச்சு.

இந்த ஐம்பதுக்கு ஐம்பது வியாபாரம் கடைசிவரை நடக்காது. 100 கிலோமீட்டர் உயரத்தை நெருங்கும்போது காற்று அவ்வளவு கெட்டியாகிவிடுகிறது. இறக்கம் தரும் வேகத்தைவிடத் தடை தின்பது அதிகமாகிவிடும். அதுவரை வேகம் கூடிக்கொண்டே வந்த கலம் அப்போதுதான் முதல்முறையாக மெதுவாகிறது, சிவக்கிறது, உடைகிறது. ஸ்கைலாபின் துண்டுகள் ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் ஊரைச் சுற்றியும் விழுந்தன. பொது இடத்தில் குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதச் சீட்டு எழுதியது அந்த ஊர் நிர்வாகம்.