ஸ்பொஞ்ச் வளையமும் நெல் மூட்டையும்

பழைய ஸ்பீக்கர் பெட்டியின் முன்பக்கத் துணியைக் கழற்றிவிட்டு எட்டு அங்குலக் கோனின் (காற்றைத் தள்ளும் காகிதக் கூம்பின்) விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தேன். தொட்ட இடம் உதிர்ந்து, கறுப்பாகப் பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த சித்தப்பா, "உது முடிஞ்சுது தம்பி. பழைய இரும்புக்குக் குடுத்திடு" என்றார். ஆனால் கோன் காகிதத்தில் ஒரு கீறல்கூட இல்லை. பின்னால் இருந்த காந்தம் ஸ்குரூ டிரைவரைக் கையிலிருந்து பறித்து இழுத்தது. மீற்றரை வைத்தால் 6 ஓம் காட்டியது. எட்டு ஓம் என்று எழுதியிருக்கும் ஸ்பீக்கருக்கு அது சரியான கணக்கு. செத்தது கோனைச் சுற்றியிருக்கும் அந்த ஒரு ஸ்பொஞ்ச் வளையம் மட்டும்தான்.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வந்த பெட்டிகள் அவை. வரும்போதே பழசு. 2006இல் ஒன்றில் கரகரப்பு வந்ததும், திருத்தலாம் என்று இரண்டையும் வவுனியாவில் மாமி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். பிறகு சண்டை மூண்டுவிட்டது. வன்னியில் எங்கள் வீட்டில் இருந்த சாமான் ஒன்றும் மிஞ்சவில்லை. பழுதாகிப் போனதால் இந்தப் பெட்டிகள் தப்பின. அவற்றை இரும்புக்குப் போட எனக்கு மனம் வரவில்லை.

இந்த வகை ஸ்பீக்கரின் அடிப்படை நூறு ஆண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. 1925இல் அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் இன்றைக்கு நாங்கள் பாவிக்கும் வடிவத்தை வெளியிட்டார்கள். கொழும்பில் வானொலி தொடங்கியதும் அதே ஆண்டு டிசம்பரில்தான். காந்தத்துக்குள் மெல்லிய வட்ட இடைவெளி ஒன்று இருக்கும். அதற்குள் செப்புக் கம்பி சுற்றிய கொயில், எதிலும் முட்டாமல் நிற்கும். மின்னோட்டம் வந்ததும் கொயில் தானும் ஒரு காந்தமாகி முன்னும் பின்னும் போய்வரும். அதோடு ஒட்டிய கோன் காற்றைத் தள்ளும். பாஸ் என்ற கனத்த கீழ்ச் சத்தத்துக்குச் செக்கனுக்கு 50, 100 தடவை. கைத்தாளத்தின் சிணுங்கலுக்குப் பல ஆயிரம் தடவை.

இவ்வளவு வேகமாக ஓடும் கொயிலுக்கு இரண்டு பக்கமும் உள்ள இடம் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு. அதை நடுவில் பிடித்து வைத்திருப்பவை இரண்டு. உள்ளே மடிப்பு மடிப்பாக ஒரு துணித்தட்டு, வெளியே இந்த ஸ்பொஞ்ச் வளையம். வளையத்துக்கு இன்னும் இரண்டு வேலை உண்டு. கோனில் ஓடிவரும் அதிர்வு விளிம்பில் மோதித் திரும்பாமல் அதை உறிஞ்ச வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் காற்று முன்பக்கம் கசியாமல் அடைக்கவும் வேண்டும். கோன் முன்னால் காற்றை அமுக்கும்போது பின்னால் காற்று விரிகிறது. இரண்டும் ஓரத்தால் சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். வளையம் கிழிந்த ஸ்பீக்கரில் பாஸ் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கிய காரணம். கொயில் சரிந்து இரும்பில் உரசுவதுதான் அந்தக் கரகரப்பு.

ஸ்பொஞ்ச் ஏன் உக்குகிறது? அது பொலியுரேத்தேன். ஈரப்பதன் அதன் சங்கிலிகளை மெல்ல மெல்ல அறுக்கிறது, ஒட்சிசனும் வெளிச்சமும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. கார்த்திகை, மார்கழியில் சுவரெல்லாம் ஈரம் கசிந்து, வைகாசியில் கொதிக்கும் எங்கள் ஊரில் 15, 20 வருடம் தாங்கினாலே பெரிய விஷயம். கோனை எவ்வளவு பக்குவமாக வைத்திருந்தாலும் வளையம் போகும். பாவிக்காமல் மூடி வைத்தாலும் போகும்.

முதல் தடவை நான் சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி ஒட்டினேன். கரகரப்பு நின்றது, ஆனால் பாஸ் திரும்பி வரவில்லை. ஊஞ்சலைப் போல ஒவ்வொரு கோனுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே சத்தம் வேகமாக விழுந்துவிடும். பிடித்திருக்கும் வளையத்தின் விறைப்பு நான்கு மடங்கானால் அந்த அதிர்வெண் இரண்டு மடங்காகும். 40 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு 40 அதிர்வு) வரை இறங்கிய ஸ்பீக்கர் 80 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். ஆகவே கிடைத்ததை ஒட்டக் கூடாது. அதே அளவு, அதே மென்மையுள்ள வளையத்தைத் தேடி எடுக்க வேண்டும். எட்டு அங்குலம் என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. கோனின் விட்டத்தையும் சட்டத்தின் உள்விட்டத்தையும் அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள்.

ஒட்டும் வேலையில் அவசரம் ஆகாது. பழைய பிசினை மொட்டைக் கத்தியாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் எடுத்தேன். அதற்கே ஒரு பின்னேரம் போய்விட்டது. நடுவில் இருக்கும் தூசு மூடியை வெட்டித் திறந்து, பழைய எக்ஸ்ரே படத்தை ஒல்லியாக நறுக்கி, கொயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் நான்கு பக்கமும் செருகினேன். கொயில் அசையாமல் நடுவில் நிற்க இதுதான் வழி. வளையத்தை முதலில் கோனில் ஒட்டி ஒரு நாள் விட்டு, அப்புறம் சட்டத்தில். சுப்பர் குளூ வேண்டாம், அது விறைத்துவிடும், திருத்தவும் விடாது. வெள்ளை பைண்டர் கம் மெதுவாகக் காயும், அதற்குள் நகர்த்திச் சரிபார்க்கலாம். காய்ந்ததும் எக்ஸ்ரே துண்டுகளை உருவிவிட்டு, இரண்டு கையாலும் கோனை மெல்ல அமுக்கிக் காதை வைத்துக் கேட்டேன். உரசல் இல்லை. 1.5 வோல்ட் பற்றரியின் நேர்முனையைச் சிவப்புப் புள்ளியில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு பெட்டியும் ஒரே பக்கம் அசையாவிட்டால் பாஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

உள்ளே கப்பாசிற்றரையும் மாற்றினேன். பெட்டியில் மேல்ச் சத்தத்துக்கென்று இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்குக் கீழ்ச் சத்தம் போகாமல் தடுப்பது அதுதான். எட்டு ஓமுக்கு 4.7 மைக்ரோபரட் என்றால் ஏறக்குறைய 4,200 ஹேர்ட்ஸுக்குக் கீழே குறைத்துவிடும். பழைய எலெக்ட்ரோலிற்றிக் வகை உள்ளே காய்ந்து இந்தக் கணக்கிலிருந்து விலகியிருக்கும்.

சரி, பெட்டிகளைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுத்திட்ட வீட்டின் அறையில் வைத்துப் பாட்டைப் போட்டால், கிணற்றுக்குள் பாடுவது போல இருந்தது. பத்தடிக்குப் பத்தடி அறை, சீமெந்து பூசிய சுவர், சீமெந்து நிலம். கையைத் தட்டினால் 'டிர்ர்ர்' என்று ஒரு சத்தம் சுவருக்குச் சுவர் ஓடியது. அப்போது எனக்குப் பழைய கொட்டில் நினைவுக்கு வந்தது. போரில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் அது. ஆனால் செய்தியின் ஒரு சொல் தவறாது. கிடுகுக் கூரை சத்தத்தைக் குடித்துக்கொள்ளும். ஓலைகளுக்கு இடையில் காற்று நுழைந்து உரசும்போது அசைவு வெப்பமாகிப் போய்விடுகிறது. சீமெந்துச் சுவரோ வந்த சத்தத்தில் 97 வீதத்தைத் திருப்பி அனுப்புகிறது.

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சே விளங்கவில்லை. 1895இல் வாலஸ் சபைன் என்ற இளம் பௌதிக ஆசிரியரிடம் அதைச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர் வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி, சத்தம் அடங்க எத்தனை செக்கன் என்று காதால் கேட்டு அளந்தார். அவர் கண்ட விதி மிக எளிது. சத்தம் அடங்கும் செக்கன் தெரிய, அறையின் கன அளவை (கன மீற்றரில்) 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுக்க வேண்டும். உறிஞ்சலுக்கு அவர் எடுத்த அலகு ஒரு சதுர மீற்றர் திறந்த யன்னல். வெளியே போன சத்தம் திரும்பி வராது அல்லவா?

எங்கள் அறையின் உயரமும் பத்தடி, எல்லாப் பக்கமும் சீமெந்து என்று வைத்துக்கொள்வோம். கன அளவு 28 கன மீற்றர் சொச்சம். ஆறு பக்கமும் சேர்ந்து 56 சதுர மீற்றர். அதில் 3 வீதம்தான் உறிஞ்சும் என்றால் 1.7 அலகு. சத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்காகக் குறைய 2.7 செக்கன் எடுக்கும். நாலடிக்கு நாலடி யன்னல் இரண்டைத் திறந்தால் இன்னும் 3 அலகு சேர்ந்து, நேரம் ஒரு செக்கனுக்குக் கீழே வந்துவிடும். ஒரு சதமும் செலவில்லை.

மாசியில் காலபோக அறுவடை முடிந்து, ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரில் நெல் மூட்டைகளை அடுக்கினோம். அன்று இரவு பாட்டைப் போட்டவுடன் சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். வயலின் தனியாக, தவில் தனியாகக் கேட்டது. மணிகளுக்கு இடையில் உள்ள காற்று, சாக்கின் இழை, மூட்டைகளின் மேடு பள்ளம் எல்லாம் சேர்ந்து அந்த 'டிர்ர்ர்' என்பதை விழுங்கியிருந்தன. பலர் முட்டை அட்டையையும் ரெஜிபோமையும் (தெர்மோகோல்) சுவரில் ஒட்டச் சொல்வார்கள். முட்டை அட்டை மெல்லியது. ரெஜிபோமுக்குள் காற்று நுழையாது. அந்தக் காசுக்குப் பழைய பஞ்சு மெத்தை ஒன்றைச் சுவரோடு நிறுத்தலாம்.

பாஸ் வேறு கதை. 57 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 20 அடி, எங்கள் அறைக்குச் சரியாக இரண்டு மடங்கு. அந்தச் சத்தம் சுவர்களுக்கு இடையில் மாட்டிக்கொண்டு, சுவரோரம் குவிந்து, நடு அறையில் இல்லாமல் போகும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கமும் அதே அதிர்வெண்ணில்தான் முட்டும். சாக்கும் மெத்தையும் இதற்குப் போதாது. இடத்தை மாற்றித்தான் பார்க்க வேண்டும். தவில் போட்டுவிட்டு அறைக்குள் மெல்ல நடந்து பாருங்கள், தொப்பிச் சத்தம் (தவிலின் கனத்த பக்கத்துச் சத்தம்) ஓரிடத்தில் முழங்கும், இன்னோர் இடத்தில் மறையும்.

நாங்கள் பெட்டிகளை மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தோம். சித்தப்பாவின் கதிரையை நடுவிலிருந்து ஒன்றரை அடி பின்னுக்கு வைத்து, அந்த இடத்தில் நிலத்தில் சோக்கட்டியால் கோடு போட்டிருக்கிறோம். சித்திரையில் நெல்லை விற்றதும் 'டிர்ர்ர்' திரும்பி வந்துவிட்டது. இப்போது சித்தி, வெறும் சாக்குகளை நான்காக மடித்துத் தைத்து, அதே சுவரில் கொடி கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.