எம்ஜிபி ஜிடி வாங்கப் போகிறீர்களா? முதலில் ஒரு காந்தம் வாங்குங்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது. சிவப்பில் பளபளவென்று ஒரு எம்ஜிபி ஜிடி, அந்தக் காலத்து பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், பட்டறைக்கு வந்தது. ஓட்டி வந்தவர் முகத்தில் கல்யாணக் களை. ஜாக்கியை வைத்து ஏற்றினேன். வண்டி ஏறவில்லை, ஜாக்கிதான் வண்டிக்குள் ஏறியது. கீழே கொட்டிய துருவும் பட்டியும் (ஓட்டையை மறைக்கப் பூசும் பசை) ஒரு முறம் தேறும்.

"கூரை இருக்கிற வண்டிதானே, சில் கொஞ்சம் துருப்பிடித்தால் என்ன?" என்றார். மூன்று பேரும் இதையேதான் கேட்டார்கள்.

சில் என்பது கதவுக்கடியில் நீளமாக ஓடும் பெட்டி. அது அழகுக்கு ஒட்டிய பட்டை இல்லை. முந்தைய மாடலான எம்ஜிஏவுக்குத் தனிச் சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் இரும்புச் சட்டகம், இருந்தது. 1962-இல் வந்த எம்ஜிபிக்கு அது கிடையாது, உடலேதான் சேஸிஸ். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் சிட் எனெவரும் டான் ஹேட்டரும் அதை முதலில் கூரையில்லாத வண்டியாகத்தான் வடிவமைத்தார்கள். மேலே பிடிமானம் இல்லாததால் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது இந்தச் சில்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு, அடியில் இன்னொரு மடிப்புத் தகடு எல்லாம் சேர்ந்தால்தான் அதற்குப் பலம்.

1965-இல் ஜிடி வந்தது. இத்தாலியின் பினின்ஃபரினா வடிவமைப்பு நிறுவனம் கைவைத்த கூரை, உயர்த்திய முன்கண்ணாடி, மேலே திறக்கும் பின்கதவு. அறுபது வருடம் ஆகியும் அந்தக் கூரைக்கோட்டைப் பார்த்தால் எனக்கே மனசு இளகும். ஆனால் இடுப்புக்குக் கீழே அதே பழைய எம்ஜிபிதான். கூரை செய்கிற ஒரே துரோகம், நோயை மறைப்பது. திறந்த வண்டியில் சில் போனால் கதவு தொங்கி, மூட மறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஜிடியில் கூரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் கதவு சமர்த்தாக மூடும். உள்ளே எல்லாம் பொடியாகியிருக்கும்.

விற்பவர்கள் செய்வது என்ன தெரியுமா? செத்த சில்லின் மேலேயே புதுத் தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. அதற்குள் ஈரம் தங்கி இன்னும் வேகமாக அரிக்கும். முறையாகச் செய்வதென்றால் முன் மட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மட்கார்டின் அடிப்பகுதியை வெட்ட வேண்டும். சில் அவற்றுக்குள்ளும் நீள்கிறது. வண்டியை நன்றாக முட்டுக்கொடுத்து நிறுத்தாமல் வெட்டினால் உடல் கோணிவிடும், அப்புறம் கதவு ஜென்மத்துக்கும் பொருந்தாது.

வாங்கும் முன் சில் நெடுகக் காந்தத்தை ஓட்டுங்கள். வழுக்கினால் அங்கே பட்டி. கதவைத் திறந்து வைத்து ஜாக்கியால் லேசாகத் தூக்குங்கள், பிறகு மூடிப் பாருங்கள். கதவைச் சுற்றிய இடைவெளி மாறினால் வீட்டுக்குக் கிளம்புங்கள். கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க விற்பவர் தயங்கினாலும் அதே பதில். ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முன் மட்கார்டின் உள்ளே தங்கும் சேற்றை வருடம் ஒருமுறையாவது கழுவுங்கள், தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைக்காதீர்கள்.

"எம்ஓடியே (பிரிட்டனின் ஆண்டு வாகனச் சோதனை) தேவையில்லையே" என்பார்கள். 2018 மே முதல் இங்கிலாந்தில், பெரிய மாற்றம் செய்யாத நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை, உண்மைதான். ஓட்டத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. கட்டாயமில்லாவிட்டாலும் காட்டிவிடுங்கள் ஐயா, அடியில் விளக்கடித்துப் பார்க்க ஒருவராவது இருக்கட்டும்.

சிவப்பு வண்டி இன்னும் முட்டின் மேல்தான் நிற்கிறது. எவ்வளவு செலவாகும் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லையாம்.