பழைய பாக்கிக்காகப் புதிய சரக்கு

கணக்குத் தணிக்கைக்குப் போகும் நிறுவனங்களில் நான் முதலில் கேட்பது வராக்கடன் பட்டியலைத்தான். அங்கே யார் முடிவெடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அடிக்கடி பார்ப்பது இது: 30 நாள் தவணையில் கொடுத்த பில் 90 நாள் தாண்டியும் நிற்கிறது. அதே வாடிக்கையாளருக்குப் போன வாரமும் சரக்குப் போயிருக்கிறது. யார் அனுப்பச் சொன்னது? விற்பனைப் பிரிவு கணக்குப் பிரிவைக் கைகாட்டும். கணக்குப் பிரிவு முதலாளியைக் கைகாட்டும். முதலாளியோ, "சரக்கை நிறுத்தினால் பழைய பாக்கியும் வராதே" என்பார். ஆக, யாருமே முடிவெடுக்கவில்லை; சரக்கு மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

பழைய பாக்கி வருமா என்பது ஒரு கேள்வி. இன்று அனுப்பும் சரக்குக்குப் பணம் வருமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடும்போதுதான் கை சுடுகிறது. விற்பனை விலையில் நூற்றுக்குப் பத்து லாபம் பார்ப்பவருக்கு ஒரு பில் முழுதாக மூழ்கினால், அதன் அடக்கவிலையை மீட்கவே அதே அளவுள்ள ஒன்பது பில்களை விற்றுக் காசாக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியதும் பலர் பேச்சற்றுப் போகிறார்கள்.

போட்ட காசை விட மனமில்லாமல் அதன் பின்னாலேயே போவது மனித மனத்தின் இயல்பு. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற ஆய்வாளர்கள் நாடக சீசன் டிக்கெட்டை வைத்து இதைச் சோதித்து, 1985இல் முடிவை வெளியிட்டார்கள். சீசனின் முதல் பாதியில், முழு விலை கொடுத்தவர்கள் தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்குப் போனார்கள். கொடுத்த காசு நம்மை இழுத்துக்கொண்டு போகிறது.

எல்லா முடிவுக்கும் இத்தனை யோசனை தேவையில்லை. பேனா, காகிதம் வாங்க மூன்று கையெழுத்துக் கேட்கும் அலுவலகங்களில் கடன் வரம்பை ஒரு தொலைபேசிப் பேச்சில் உயர்த்திவிடுகிறார்கள். இதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. திருத்திக்கொள்ள முடிந்தவற்றை உடனே முடித்துவிடுங்கள். திரும்பப் பெற முடியாதவற்றுக்கு நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் கடன் வரம்பை எழுத்தில் வையுங்கள். வரம்பைத் தாண்ட அனுமதிப்பவர் தேதியும் காரணமும் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடட்டும். முடிவு தெரிந்தபின் "எனக்கு அப்போதே தெரியும்" என்று எல்லோரும் சொல்வார்கள். அன்று உண்மையில் என்ன நினைத்தோம் என்பதை அந்த ஒரு வரி மட்டுமே காட்டும். வாரம் ஒருமுறை பட்டியலை எடுத்துப் பார்க்கும்போது விற்பனைப் பிரிவும் கணக்குப் பிரிவும் ஒரே மேசையில் இருக்கட்டும்.