தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதற்கு முன்

"தெர்மோஸ்டாட்டைக் கழற்றியாச்சு, ஃபேனை டைரக்ட் கொடுத்தாச்சு, இன்னும் ஹீட் ஆகுது." ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்கென்றே ஆசையாக வைத்திருக்கும் பழைய ஹோண்டா சிட்டி விடெக், பாலியோ 1.6, லான்சர், அபூர்வமாக ஒரு சான் ஸ்டார்ம் என்று எந்தக் கார் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாலும் இந்தப் பேச்சும் கூடவே வரும். தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடானபிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு; டைரக்ட் என்றால் சென்சரை விட்டுவிட்டு ஃபேன் எப்போதும் சுற்றும்படி வயர் கொடுப்பது. இரண்டையும் செய்துவிட்டுக் கொண்டுவந்தால் கோளாறைப் பிடிப்பது இன்னும் கடினம். ஹீட் எப்போது ஏறுகிறது என்பதுதான் முதல் தடயம். அதைத்தான் இந்த இரண்டு வேலையும் அழித்துவிடுகின்றன.

மார்த்தாண்டம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கிவிடுகிறதா? அப்படியானால் குறை பெரும்பாலும் ஃபேன் பக்கம். டவுனில் ஒழுங்காக இருந்து, நாலுவழிச் சாலையில் 90-ஐத் தாண்டினால் ஏறுகிறதா? ஃபேனை விட்டுவிட்டு ரேடியேட்டர், வாட்டர் பம்ப், காற்று வரும் வழி இவற்றைப் பாருங்கள். முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடினால் தண்ணீர் குறைந்திருக்கும், இல்லையென்றால் ஏர் லாக், அதாவது தண்ணீர் ஓடும் வழியில் காற்று சிக்கியிருக்கும். கீரிப்பாறை தாண்டி பாலமோர் ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போகும்போது மட்டும் ஏறினால் எதையும் ஒதுக்க முடியாது. வேகம் குறைவு, லோடு அதிகம் என்பதால் எங்கே பலவீனம் இருந்தாலும் அங்கே தெரிந்துவிடும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தக் கணக்கைக் குழப்பும் ஒன்று உண்டு: ஆரல்வாய்மொழிக் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு நோக்கிப் போகும்போது காற்று முதுகுப்பக்கம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியின் பின்னால் 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்று தள்ளினால், ரேடியேட்டருக்கு முகத்தில் கிடைப்பது 20 கிலோமீட்டர் காற்றுதான். திரும்பி வரும்போது எதிர்க்காற்று, முள் சாதுவாக இருக்கும். போகும்போது மட்டும் சுடுகிறது என்றால் வண்டிக்கு மட்டுமல்ல, காற்றுக்கும் அதில் பங்கு உண்டு.

ஃபேனில் தொடங்குவோம். ஏசியைப் போடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றினால் மோட்டாரில் குறையில்லை. சென்சர், ரிலே (அதிகக் கரண்ட்டைத் தாங்கும் தனி சுவிட்ச்), வயரிங் பக்கம் தேட வேண்டும். ஏசி கண்டென்சருக்குத் தனி ஃபேன் உள்ள வண்டியில் எது சுற்றுகிறது என்று குனிந்து பாருங்கள். சுற்றினால் மட்டும் போதாது. இன்ஜின் பக்கம் பொருத்திய ஃபேன் காற்றை இழுக்க வேண்டும். மோட்டார் மாற்றியபோது பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் எதிர்த்திசையில் தள்ளும். ஓட்டத்தில் வரும் காற்றோடு அது மோதும். ஒரு தாளை முன்புறம் பிடித்தால் ஒட்டிக்கொள்ள வேண்டும், பறக்கக் கூடாது. ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்திருந்தால், இறக்கை இருக்கும் வட்டத்தில் மட்டும்தான் காற்று ஊடுருவும், மீதி ரேடியேட்டர் சும்மா கிடக்கும். ரிலே இல்லாமல் சாவி சுவிட்ச் வழியாக டைரக்ட் கொடுத்தால், 10 முதல் 15 ஆம்பியர் இழுக்கும் மோட்டார் ஒருநாள் சுவிட்சை உருக்கிவிடும்.

வேகத்தில் ஏறும் ஹீட்டுக்கு ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் தனிக் காரணம் ஒன்று உண்டு. உயரத்தைக் குறைத்த வண்டியில் பம்பருக்குக் கீழுள்ள தகடு வேகத்தடையில் இடித்து உடையும். "அது எதுக்கு, சும்மா சத்தம் போடுது" என்று கழற்றி மூலையில் போட்டுவிடுவார்கள். ரேடியேட்டருக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவாக இருந்தால்தான் முன்காற்று ஊடுருவி வரும். தகடு போனால் வண்டிக்கு அடியில் வரும் காற்று இன்ஜின் அறையை நிரப்பிவிடும், முன்காற்றுக்குப் போக இடமிருக்காது. பம்பருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள இடைவெளியும் அப்படித்தான். சுற்றிப்போக வழியிருந்தால் காற்று ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளான ஃபின்னுக்குள் நுழையாது. கெட்டி ஸ்பாஞ்ச் வாங்கி அடைத்தாலே பாதித் தொல்லை தீரும் வண்டிகள் உண்டு. கிரில்லுக்குப் பின்னால் அடுக்கிய ஏர் ஹார்னையும் ஃபாக் லாம்பையும் நகர்த்திவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று ஃபின்னைத் தின்னும். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி, செம்பில் பச்சை. விரலால் தடவினால் உதிர்ந்தால், குழாய் ஒழுகாவிட்டாலும் அந்த ரேடியேட்டரின் காலம் முடிந்தது. மாதம் ஒருமுறை இன்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கி, சாதாரண ஓஸ் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நேராகப் பிடித்தால் ஃபின் மடங்கி, காற்றுக்கு வழி அடைபடும்.

உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று பார்க்க இன்ஃப்ராரெட் வெப்பமானி போதும். இன்ஜின் சூடானபின், ஃபேன் ஓடாத நேரத்தில் ரேடியேட்டர் முகத்தை வரிவரியாக அளவிடுங்கள். நடுவில் திடீரென்று குளிர்ந்த திட்டு தென்பட்டால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. பளபளக்கும் அலுமினியத்தில் நேரடியாக அளந்தால் குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, அதன்மேல் அளவெடுங்கள். கீழ் ஹோஸையும் மறக்க வேண்டாம். இன்ஜினை 3,000 ஆர்பிஎம் வரை முடுக்கும்போது அது சப்பையாக ஒடுங்கினால், உள்ளே ஸ்பிரிங் போயிருக்கலாம் அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கலாம்.

அடைப்பு வருவது தண்ணீரால்தான். "கிணத்து வெள்ளம் விட்டா போதும்" என்ற பழக்கம் செம்பு ரேடியேட்டர் காலத்தில் ஓரளவு செல்லுபடியானது. கடலோரக் கிணற்றின் குளோரைடு அலுமினியத்தைக் குழிகுழியாக அரிக்கும். சுண்ணாம்பு உப்பு சூடான இடத்தில் படியும். நமக்கு உறைபனிப் பயம் கிடையாது, ஆகவே 50 சதவீத கூலன்ட் (ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் திரவம்) கட்டாயமில்லை. ஆனால் துருத்தடுப்பு வேலை செய்ய 30 முதல் 35 சதவீதமாவது வேண்டும். 6 லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு 2 லிட்டர் கான்சன்ட்ரேட், 4 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் வாங்கினால் தண்ணீர் சேர்க்கக் கூடாது. பச்சையும் சிவப்பும் நிறம்தான், தரமல்ல. உள்ளே இருப்பது தெரியாமல் கலந்தால் கூழாகும் வாய்ப்புண்டு.

இனி தெர்மோஸ்டாட். அதைக் கழற்றினால் இன்ஜின் குளிர்ச்சியாக ஓடும் என்பது பாதி உண்மைதான். பல இன்ஜின்களில் அதன் அடித்தட்டு, சூடானதும் ரேடியேட்டரைத் தொடாமல் இன்ஜினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை மூடும். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பிவிடும். தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரமிருக்காது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள், அது சரியல்ல. இன்ஜெக்ஷன் வண்டியில் இன்னொரு கேடு: இன்ஜின் சூடாகவில்லை என்று ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாக விடும், மைலேஜ் போகும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும். சந்தேகமிருந்தால் சோதிப்பது எளிது. வால்வு இடுக்கில் நூலைக் கடித்துப் பிடிக்கும்படி மாட்டி, பாத்திரத்து நீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும். திறந்ததும் நூல் விட்டு அது கீழே விழும். நீர் கொதித்த பிறகும் விழவில்லையென்றால் புதிது வாங்குங்கள். மாட்டும்போது அதன் விளிம்பில் ஆடும் சிறு ஊசியான ஜிகிள் பின் மேலே இருக்கட்டும், காற்று வெளியேற அதுதான் வழி.

ரேடியேட்டர் மூடிதான் மலிவான பொருள், அதைத்தான் கடைசியில் மாற்றுகிறார்கள். 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி நன்றாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் போனால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். காலையில் மேல் ஹோஸ் சப்பிக் கிடந்தால், மூடியின் உள்ளே இருக்கும் சிறு வால்வு ரிசர்வ் டேங்க் தண்ணீரைத் திரும்ப விடவில்லை. "நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு" என்று ஹீட்டர் ஹோஸை அடைத்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். சில இன்ஜின்களில் அது சுற்றோட்டத்தின் ஒரு பகுதி.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், இன்ஜின் பிளாக்குக்கும் மேலுள்ள ஹெட்டுக்கும் இடையிலிருக்கும் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்தால் குமிழி விடாமல் வரும். ரேடியேட்டர் வாயில் வைத்து எரிந்த புகையைக் கண்டுபிடிக்கும் பிளாக் டெஸ்டரின் திரவம் நீலத்திலிருந்து மஞ்சளாக மாறினால் உறுதி. ஆயில் மூடியில் வெண்ணெய் போலப் படிந்திருப்பதை மட்டும் நம்பிவிட வேண்டாம்; மழைக்காலத்தில் குறைந்த தூரமே ஓடும் வண்டியிலும் அது வரும். ஹெட் கழற்றியபின் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தாலே பல இன்ஜின்களுக்கு ஃபேஸிங் (மட்டமாகச் சீவுவது) தேவை. பார்க்காமல் புது கேஸ்கெட் போட்டால் மறுபடியும் போகும்.

வழியில் முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரமாக நிறுத்துங்கள். மூடியில் கை வைக்க வேண்டாம். மேல் ஹோஸை அமுக்கினால் தளர்வாக மடங்கும் வரை, குறைந்தது முக்கால் மணி நேரம், காத்திருங்கள். கொதிக்கும் அலுமினிய ஹெட்டில் பச்சைத் தண்ணீர் விட்டால் விரிசல் விழும். ஆறியபின் நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் டேங்க்கில் வழிந்த தடமில்லை, தரையிலும் வண்டிக்குள் காலடி விரிப்பிலும் ஈரமில்லை, ஆனாலும் ஒன்றரை லிட்டர் பிடித்தது என்றால், அது அநேகமாக இன்ஜினுக்குள் கசிந்து சைலன்சர் வழியாகப் போயிருக்கிறது; ஓட்டி வராமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.