கண்ணில் நீர் கொட்டும், ஆனால் கண் வறண்டிருக்கும்

என் அக்கா ஒரு கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாட்கள் நெருங்கிவிட்டால், காலை பத்து மணிக்குக் கணினி முன்னால் உட்கார்ந்தவள் எழுந்திருக்க இரவு எட்டு ஆகிவிடும். போன வருடம் ஒருநாள் போனில் சொன்னாள்: "கண்ணுக்குள்ள மண்ணு விழுந்த மாதிரி உறுத்துதுடா. தண்ணி வேற கொட்டிக்கிட்டே இருக்கு." மருந்துக்கடையில் கேட்டு ஏதோ சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறாள். சிவப்பு குறைந்ததே தவிர உறுத்தல் போகவில்லை. அப்புறம்தான் கண் மருத்துவரிடம் போனாள். அவர் பார்த்துவிட்டு, "கண்ணு ரொம்ப வறண்டிருக்கும்மா" என்றாராம். தண்ணீர் கொட்டுகிற கண் எப்படி வறண்ட கண்ணாகும் என்று அவளுக்கு ஒரே குழப்பம்.

அந்தக் குழப்பம் தீர்ந்தால் கணினியால் வரும் கண் தொல்லையில் பாதி புரிந்துவிடும்.

கண்ணின் முன்புறம் கண்ணாடி மாதிரி மூடியிருக்கிற கார்னியாவில் ரத்தக்குழாய்களே கிடையாது. இருந்தால் பார்வையை மறைக்கும். தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குள்ளேயே அடியில் நீரைக் கண்ணோடு ஒட்டவைக்கும் வழவழப்பு, நடுவில் நீர், மேலே மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. ஆடை படர்ந்த பால் சீக்கிரம் ஆறாது, ஆடையை எடுத்துவிட்டால் ஆவி பறக்கும் அல்லவா? கண்ணீருக்கு அந்த ஆடை இந்த எண்ணெய்தான்.

எண்ணெய் வருவது இமைகளிலிருந்து. கீழிமையைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக் கண்ணாடியில் கிட்டத்தில் பாருங்கள். இமைமுடிகளுக்கு உட்பக்கம், விளிம்பை ஒட்டி, குண்டூசி முனையளவுப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். அவைதான் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள். 1666ல் இவற்றை விவரித்த ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிஷ் மைபோமின் பெயரால் மைபோமியன் சுரப்பிகள் என்று அழைக்கப்படுகின்றன. நாம் இமைக்கும்போதுதான் இமைத்தசை இவற்றை அழுத்தி எண்ணெயைப் பிழிகிறது. அதே இமைப்பில் புதுக் கண்ணீர் கண் முழுக்கப் பரவுகிறது, பழையது மூக்கோரத் துளை வழியாக வடிகிறது. தமிழ் இலக்கணம் ஒரு மாத்திரைக்கு அளவு சொன்னது கண்ணிமைக்கும் நேரத்தைத்தான். அந்தச் சின்னப் பொழுதுக்குள் இவ்வளவும் நடந்துவிடுகிறது.

இப்போது கணினிக்கு வருவோம். 1993ல் ஜப்பானைச் சேர்ந்த சுபோட்டா, நாகமோரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மக்கள் நிமிடத்துக்கு எத்தனை முறை இமைக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். சும்மா இருக்கும்போது சராசரியாக 22 முறை. புத்தகம் படிக்கும்போது 10. கணினித் திரையைப் பார்க்கும்போது 7. மனம் ஒன்றில் ஊன்றிவிட்டால் மூளை இமைப்பைத் தள்ளிப்போடுகிறது. அதோடு, திரை முன்னால் நாம் இமைப்பதில் பல அரை இமைப்புகள். மேலிமை பாதி வழியில் திரும்பிவிடும், கார்னியாவின் அடிப்பகுதி நனையாமலே போகும், எண்ணெயும் சரியாகப் பிழியப்படாது.

நிமிடத்துக்கு ஏழு என்றால் ஒரு இமைப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எட்டரை நொடி. ஏற்கெனவே வறட்சி உள்ளவர்களுக்குக் கண்ணீர்ப் படலம் அதற்கு முன்பே ஆங்காங்கே கிழிந்துவிடும். ஏசி காற்றோ மேசை ஃபேனோ முகத்தில் அடித்தால் இன்னும் சீக்கிரம். கிழிந்த இடத்தில் கார்னியாவின் நரம்புகள் வெறுமனே காற்றில் படுகின்றன. உடம்பிலேயே நரம்பு நுனிகள் மிக அடர்ந்த இடங்களில் ஒன்று அது, அதனால்தான் மண் விழுந்த உறுத்தல். நரம்பு அபயக்குரல் கொடுத்ததும் கண்ணீர்ச் சுரப்பி மொத்தமாகத் தண்ணீரைத் திறந்துவிடுகிறது. அதில் எண்ணெயும் வழவழப்பும் போதாததால் தங்காமல் கன்னத்தில் வழிகிறது. கண் மறுபடியும் காய்கிறது. அக்காவுக்கு நடந்தது இதுதான்.

ஒரு சோதனை செய்து பாருங்கள். போனை மானிட்டர் ஓரம் சாய்த்து வைத்து, வேலை செய்யும்போது உங்கள் முகத்தை ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். எடுக்கும்போது எண்ணாதீர்கள், கவனம் வந்தாலே இமைப்பு கூடிவிடும். பிறகு ஓடவிட்டு எண்ணுங்கள். நான் எண்ணியபோது ஒரு நிமிடத்தில் நான்குதான் இருந்தது, அதில் ஒன்று அரை இமைப்பு.

தலைவலிக்கும் எழுத்து மங்குவதற்கும் இன்னொரு காரணம் உண்டு. கிட்டத்தில் பார்க்கக் கண்ணுக்குள் இருக்கும் சிலியரி தசை சுருங்கியே இருக்க வேண்டும், இரண்டு கண்களும் மூக்குப் பக்கம் திரும்பியே இருக்க வேண்டும். சொம்புத் தண்ணீரைக் கைநீட்டிப் பிடித்துக்கொண்டே நிற்பது மாதிரி. கனம் கொஞ்சம்தான், நேரம்தான் வலி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடி தூரத்தில், இருபது நொடி பார்க்கச் சொல்வது அந்தக் கையை இறக்கி வைக்கத்தான். அப்போது நாலு முறை முழுசாக இமையை மூடித் திறந்தால் எண்ணெய்க்கும் வழி கிடைக்கும்.

நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்தவர்கள் பாடு இன்னும் கஷ்டம். இரண்டடுக்குக் கண்ணாடியில் படிக்கிற பகுதி கீழே இருக்கிறது, மானிட்டரோ நேர் எதிரே. மோவாயைத் தூக்கித் தூக்கியே பார்ப்பார்கள், கழுத்து பிடித்துக்கொள்ளும். கணினி தூரத்துக்கென்று தனிக் கண்ணாடி போட்டாலே தீரும், பலருக்கு இதை யாரும் சொல்வதில்லை.

நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்பேன். 17 ஆய்வுகளைத் தொகுத்து, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2023ல் வெளியிட்ட அலசல், கண் களைப்பு அதனால் குறைவதாகத் தெரியவில்லை என்றுதான் சொன்னது. பகல் வெளிச்சத்தில் இருக்கும் நீல ஒளியோடு ஒப்பிட்டால் திரையிலிருந்து வருவது மிகக் குறைவு.

சொட்டு மருந்து விஷயத்தில்தான் எனக்கு நிஜமான பயம். சிவப்பைப் போக்கும் மருந்துகள் ரத்தக்குழாயைச் சுருக்குகின்றன, அவ்வளவுதான். போடுவதை நிறுத்தியதும் முன்னைவிடச் சிவக்கலாம். ஸ்டீராய்டு கலந்தது என்றால் கண் அழுத்தம் ஏறி, வலியே இல்லாமல் பார்வை நரம்பைக் கெடுத்துவிடலாம். மருத்துவர் எழுதாமல் எதையும் கண்ணில் விடாதீர்கள்.

அக்காவுக்கு மருத்துவர் எழுதியது செயற்கைக் கண்ணீர், தினமும் மூடிய இமை மேல் பத்து நிமிட வெந்நீர் ஒத்தடம். உறைந்த எண்ணெய் சூட்டில் இளகும். அதற்கு முன்பே அவர் கேட்ட கேள்வி, "மானிட்டர் எந்த உயரத்துல இருக்கு?" நிமிர்ந்து பார்த்தால் இமை அகலத் திறக்கும், ஈரம் வேகமாக ஆவியாகும். திரையின் நடுப்பகுதி கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். அவள் மானிட்டருக்கு அடியில் இரண்டு தடித்த பழைய பேரேடுகள் இருந்தன. மறுநாளே இரண்டையும் உருவி எடுத்துவிட்டாள். இப்போது அவை மேசைக்கு அடியில் கிடக்கின்றன, கால் வைத்துக்கொள்ள.