அறிகைச் சாய்வு

நாம் அறியாமலே நம் கணிப்பு ஒரு பக்கமாகப் பிசகும் மனப்போக்கை ஆங்கிலத்தில் ‘கொக்னிட்டிவ் பயஸ்’ (cognitive bias) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதில் வரும் பயஸ், பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த சொல். குறுக்குச் சாய்வு என்பது அதன் பொருள். தையற்காரர் துணியைக் கோணலாக வெட்டுவதற்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். 16ஆம் நூற்றாண்டில் புல்தரையில் பந்துருட்டி விளையாடியவர்கள், நேராக விட்டாலும் ஒரு பக்கம் வளைந்தோடும் பந்தின் குணத்தை அப்படி அழைத்தார்கள். உருட்டியவர் கையில் கள்ளம் இல்லை, வளைவு பந்திலேயே இருக்கிறது.

அதனால்தான் ‘பக்கச்சார்பு’ இங்கே ஒட்டாது. நடுவரையோ விசாரணைக் குழுவையோ அப்படிச் சொன்னால், தெரிந்தே ஒரு பக்கம் நின்றார்கள் என்று குற்றஞ்சாட்டுகிறோம். குறள் 119இன் ‘உட்கோட்டம்’ (மனக்கோணல்) அழகான சொல்தான், ஆனால் அதுவும் நெஞ்சின் நேர்மை பற்றியது. ‘அறிவாற்றல் சார்பு’ என்று எழுதினால் கெட்டிக்காரத்தனம் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் கல்வித்துறைக்குப் பழகிய ‘அறிகை’யோடு ‘சாய்வு’ சேர்ந்தால் போதும்.

இத்தகைய சாய்வுகளில், கொழும்புப் புறக்கோட்டைக் கடைகளில் அதிகம் காசு பறிப்பது நங்கூரச் சாய்வு. சேலைக்குக் கடைக்காரர் முதலில் 9,500 ரூபா என்கிறார். அந்த எண் மனதில் விழுந்ததும் நாம் அதிலிருந்துதான் கீழே இறங்கத் தொடங்குகிறோம், போதிய தூரம் இறங்குமுன்னே நின்றும்விடுகிறோம். உளவியலாளர்கள் டானியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1974இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கொரு சோதனை உண்டு. எண் சக்கரமொன்றைச் சுழற்றிவிட்டு, ஐ.நா.வில் ஆபிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டார்கள். சக்கரம் 10இல் நின்றதைக் கண்டவர்களின் இடைநிலை விடை 25, 65ஐக் கண்டவர்களுடையது 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை.

‘சொன்ன விலையில் பாதிக்குக் கேள்’ என்ற பழைய புத்திமதி இதற்கு மருந்தாகாது. பாதியும் அவர் சொன்ன எண்ணின் பாதிதானே! அதே தரச் சேலையை வேறு இரண்டு கடைகளில் விசாரித்து, கொடுக்கக்கூடிய உச்ச விலையைக் கைபேசியில் குறித்துக்கொண்டு பேரத்துக்குப் போக வேண்டும். குறித்த பிறகு கேட்ட விலைக்காக அதைத் திருத்தக் கூடாது. முடிந்தால் முதல் எண்ணை நீங்களே சொல்லுங்கள். வெள்ளவத்தையில் பேர்ச் கணக்கில் காணி பேசும்போதும் இதே முறைதான், ஆனால் அங்கே தரகர் உங்களை முந்திவிடுவார்.

மற்றச் சாய்வுகளுக்கும் இதே அச்சில் பெயர் வைக்கலாம். பிடித்த கருத்துக்கு ஆதரவானதை மட்டும் பொறுக்குவது உறுதிப்படுத்தற் சாய்வு, மட்ச் முடிந்தபின் ‘அப்பவே தெரியும்’ என்பது பின்னறிவுச் சாய்வு.