ஹீட்சிங்க்: வெப்பவடிகால்

கத்திரி வெயில் தொடங்கிய வாரம். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் பத்து நிமிடம் ஓடும், தானாக அணைந்துவிடும். பெட்டியைத் திறந்தால் ப்ராசசர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டை இறக்க வேண்டிய ஹீட்சிங்க் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. நான்கு பிளாஸ்டிக் பின்களில் ஒன்று கழன்றிருந்தது. டார்ச் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் மகள் கேட்டாள்: "இன்னா சித்தப்பா, சிங்க்னா பாத்திரம் கழுவுறது தானே?"

அதே சிங்க்தான். ஆங்கிலத்தில் வினையாக வந்தால் மூழ்குவது, அமிழ்வது. பெயராக வந்தபோது முதலில் கழிவுநீர் போய் விழும் குழியைக் குறித்தது. சமையலறைத் தொட்டிக்கு அந்தப் பெயர் அப்புறம் வந்தது. சூடு போய்ச் சேரும் இடம் என்ற பொருள் இந்தக் குழியிலிருந்து கிளைத்ததுதான். ஆகவே 'வெப்ப மூழ்கி' என்று பெயர்த்தால் தவறு. இங்கே எதுவும் மூழ்கவில்லை.

'வெப்ப உறிஞ்சி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பஞ்சு உறிஞ்சிய தண்ணீர் பஞ்சுக்குள்ளேயே இருக்கும். காடு கரியமில வாயுவை இழுத்து மரமாகச் சேர்த்துவைக்கிறது. அதற்கு உறிஞ்சி பொருந்தும். ஹீட்சிங்க் சூட்டைச் சேர்த்துவைத்தால் ப்ராசசர் வெந்துவிடும். வாங்கிய சூட்டை அலுமினியத் தகடுகளில் பரப்பி, ஃபேன் காற்றில் விட்டுக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை.

ஏரிப் பாசனத்தில் வளர்ந்த வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. காவேரிப்பாக்கம் ஏரிப் பக்கம் போனால் மதகு, கலிங்கு, வடிகால் எல்லாம் இன்றும் வாயில் புழங்கும் சொற்கள். மதகு பாசனத்துக்குத் திறப்பது, கலிங்கு நிறைந்தால் வழிவது. தேங்கக் கூடாததை வெளியேற்றுவது வடிகால். 'வடி'யும் வாய்க்காலைக் குறிக்கும் 'கால்' என்பதும் சேர்ந்த வினைத்தொகை அது: வடிந்த கால், வடிகின்ற கால், வடியும் கால். முக்காலமும் ஓடிக்கொண்டிருப்பது என்ற பொருள் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தண்ணீரைத் தாண்டியும் அது எப்போதோ வந்துவிட்டது. மனபாரத்துக்கு ஒரு வடிகால் வேண்டும் என்கிறோமே. அதனால் வெப்பவடிகால் என்பதே என் தேர்வு. கடையில் மட்டும் ஹீட்சிங்க் என்றோ ப்ராசசர் ஃபேன் என்றோ கேளுங்கள்.

கழன்றால் என்ன ஆகிறது என்பதும் இந்தச் சொல்லில் விளங்கும். ப்ராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் புகுந்த காற்று, அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 9,000 மடங்கு மோசமாகச் சூடு கடத்துவது. வடிகாலின் வாயில் மண் அடைத்த மாதிரி. காற்று புகாமல் அந்த இடைவெளியை அடைத்துச் சூட்டைக் கடத்துவது தெர்மல் பேஸ்ட். பழையதைச் சுத்தமாகத் துடைத்து, ஒரு பயறு அளவு புதியதை வைத்து, எதிரெதிர் மூலையாகப் பின்களை 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினேன். அணைவது நின்றது.

ஆனால் சூடு நான் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. வடிகால் போய்ச் சேரும் இடத்தின் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் வடியாது, வெப்பமும் அப்படித்தான். மே மாத வேலூரில் 40 டிகிரியைத் தாண்டிய அறைக்காற்றில் எந்த ஹீட்சிங்கும் ப்ராசசரை அதற்குக் கீழே குளிர்விக்காது. மேற்குச் சுவரோரம் இருந்த பெட்டியை உள்ளறைக்கு மாற்றிவிட்டேன்.